கண்டி அரசவையும் வணக்க முறைகளும்

வணக்கம் என்பது இருவர் எதிர்ப்படும் கணத்தில் நிகழ்ந்து மறையும் ஒரு சிறு செயல். ஆயினும், ஒரு சமுதாயம் தன் மக்களை எவ்வாறு வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது என்பதை அச்சிறு செயல் காட்டுமளவிற்குப் பெருநூல்களும் காட்டமாட்டா. யார் முதலில் வணங்குவது, யார் எழுந்து நிற்பது, யார் அமர்ந்தபடியே ஏற்பது, வணங்கியவனுக்கு மறுவணக்கம் உண்டா இல்லையா என்னும் வினாக்களுக்குரிய விடைகளிலே அச்சமுதாயத்தின் அரசியல் முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது.

கண்டி மாநகரின் வரலாறு இவ்வுண்மைக்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டு. வணக்க முறையில் தவறிய தூதர் ஒருவர் அங்கே விலங்கு பூண்டார். முழந்தாளிடுவதா, நிற்பதா என்னும் வினா பேரரசுகளின் பிரதிநிதிகளை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அலைக்கழித்தது. ஈற்றில் வணக்க முறையே அரச பிரகடனமொன்றின் வாசகமாக எழுதப்பட்டது. இவற்றை வரிசையாக நோக்குமிடத்து, மலைநாட்டில் அதிகாரம் கைமாறிய கதையை வணக்கத்தின் கதையாகவே படித்தறியலாம்.

இருவகை வணக்கங்கள்

உலகிலுள்ள வணக்க முறைகள் எண்ணிறந்தவை. எனினும் அவற்றை இருவகையுள் அடக்கலாம். ஒன்று, இருவரும் ஒருங்கே செய்வது. மற்றொன்று, ஒருவர் செய்ய மற்றவர் ஏற்பது.

முதல் வகைக்குப் பிரான்சிய நாட்டு வழக்கம் தக்க உதாரணமாகும். அந்நாட்டில் உறவினரும் நண்பரும் சந்திக்கும்போது கன்னத்தோடு கன்னம் பொருத்தி முத்தமிடுவர். சில மாவட்டங்களில் ஒருமுறை, பல இடங்களில் இருமுறை, வேறு சில பகுதிகளில் மும்முறையோ நான்முறையோ இவ்வாறு செய்வர். வலக்கன்னம் முதலா, இடக்கன்னம் முதலா என்பதும் ஊருக்கூர் வேறுபடும். உரோமர் காலத்திலேயே முகமன் முத்தம் வழங்கியது. தொடக்கக் காலக் கிறித்தவர் அதனைச் சமாதானத்தின் அடையாளமாகத் தம் வழிபாட்டிற் சேர்த்துக்கொண்டனர். பிற்காலத்தில் பெரும்பாலும் குடும்பத்தினுள்ளே ஒடுங்கியிருந்த இவ்வழக்கம், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாணவர், நண்பர், உடன் தொழில் புரிவோர் என்போரிடையேயும் பரவியது. இம்முறையின் சிறப்பு யாதெனின், இதிற் கொடுப்பவர் வேறு, கொள்பவர் வேறு என்பதில்லை. ஒருவர் தருகின்ற அதே கணத்தில் மற்றவரும் தருகின்றார். ஆங்கிலேயர் கைகுலுக்குதலும் இத்தகையதே.

இரண்டாம் வகையைச் சைவ மக்கள் நன்கறிவர். திருக்கோயிலில் ஆடவர் எட்டுறுப்பும் நிலந்தோய விழுந்து வணங்குவது அட்டாங்க நமஸ்காரம். பெண்கள் தலை, இருகை, இரு முழந்தாள் ஆகிய ஐந்தும் நிலந்தோய வணங்குவது பஞ்சாங்க நமஸ்காரம். சிரமேற் கைகூப்புதலும், தலை மாத்திரம் தாழ்த்துதலும் இவற்றின் பின் வைத்து எண்ணப்படும். அடியவன் இவற்றுக்கு மறுவணக்கம் எதிர்பார்ப்பதில்லை. இறைவனுக்கும் ஆன்மாவுக்கும் இடையே அவ்வெதிர்பார்ப்பு பொருந்துவதும் அன்று. இறைவனுக்குரிய இவ்வணக்கத்தை மனிதனொருவன் தனக்கு உரித்தாக்கிக்கொள்ளும் போதுதான் வணக்கம் அரசியலாகின்றது.

நொக்ஸ் கண்ட கண்டி

பதினேழாம் நூற்றாண்டுக் கண்டி மக்களின் வணக்க முறைகளை அறிதற்குப் பெருந்துணையாயிருப்பது றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் எழுதிய நூல். கொட்டியாரக் குடாவில் 1660-இல் சிறைப்பட்ட அவர், ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் கண்டியைச் சூழ்ந்த சிற்றூர்களிலே வாழ்ந்து, 1679-இல் தப்பிச்சென்றார். அவர் நூல் 1681-இல் இலண்டனில் வெளிவந்தது.

ஊர் மக்கள் எதிர்ப்படும்போது இரு கைகளையும் உள்ளங்கை மேலாக நீட்டி உடலை வளைப்பர் என்று நொக்ஸ் குறிக்கின்றார். பெண்கள் இரு கைகளையும் நெற்றியளவில் உயர்த்துவர். முதலிற் கண்டவர் நலமா என்னும் கருத்துப்பட ஒரு சொற் கேட்பர். மற்றவர் நலமே என விடையிறுப்பர். இங்கே கேள்விக்கு விடை உண்டு. வணக்கத்துக்கு மறுவணக்கமும் உண்டு.

ஆயினும் சிற்றூர் வாழ்வைச் சமத்துவத்தின் இருப்பிடமெனக் கொண்டுவிடலாகாது. உயர்குலத்தார் தம்மிற் றாழ்ந்தோர்க்கு ஒரு கையை மாத்திரமே நீட்டுவர் என்றும், மிகத் தாழ்ந்தோர் என்று கருதப்பட்டோர்க்குத் தலையை அசைப்பதோடு அமைவர் என்றும் அவரே கூறுகின்றார். இரு கை, ஒரு கை, தலையசைப்பு என்று படிப்படியாகக் குறையும் இவ்வரிசை, அக்காலச் சாதியமைப்பை அப்படியே படம்பிடித்துக் காட்டுகின்றது. எனினும், குறைந்த அளவிலேனும் மறுமொழி என ஒன்று அங்கே இருந்தது.

அரசவையில் அதுவும் இல்லை. இரண்டாம் இராசசிங்கன் முன் வருவோர் மும்முறை முகங்குப்புற நிலத்தில் விழுந்து வணங்குவர். பின்னர் அவன் முன்னிலையில் இருக்கும் நேரம் முழுவதும் முழந்தாளிட்டே இருத்தல் வேண்டும். விடைபெறுங்கால் முதுகு காட்டாது, அவன் பார்வைக்கு மறையும்வரை பின்னோக்கியே நடத்தல் வேண்டும். அவனோடு உரையாடுங்கால் தம்மை மனிதராகக் கூறுதலும் முறையன்று. தம்மையும் தம் மக்களையும் நாயினத்தோடு சார்த்திப் பேசுதலே வழக்காறாயிருந்தது. ஊரில் நலம் கேட்டு நலம் கூறிய மனிதன், அரண்மனை வாயிலைக் கடந்ததும் தன்னை மனிதன் என்று சொல்லவும் உரிமையற்றவனானான்.

விலங்கு பூண்ட பிரான்சியத் தூதர்

இத்தகைய அரசவைக்குத்தான் 1672-இல் பிரான்சியத் தூதர் ஒருவர் வந்து சேர்ந்தார். பதினான்காம் லூயி மன்னனின் கப்பற்படையோடு தளபதி தெ லா ஹே அவ்வாண்டு திருகோணமலைக் கடலுக்கு வந்திருந்தார். கரையோரத்தைக் கைப்பற்றியிருந்த ஒல்லாந்தரை அகற்றுதற்குப் பிறிதொரு வல்லரசின் துணையை நாடியிருந்த இராசசிங்கன், பிரான்சியரை உவந்து வரவேற்றான். முதலில் வந்த தூதுவர் மூவர்க்குப் பொற்சங்கிலியும் வெள்ளி பதித்த வாளும் துப்பாக்கியும் பரிசளித்தான். கோட்டை கட்ட இடமும் ஆளுதவியும் நல்கினான்.

அடுத்து வந்த தூதர் நான்கிளார் தெ லனெரோல் என்பவர். மன்னன் அக்காலத்திற் கண்டி நகரைவிட்டு ஹங்குரான்கெத்தைப் பகுதியிலே தங்கியிருந்தான். அரண்மனை வாயிலை அணுகுவோர் வாகனத்தினின்று இறங்கி நடத்தல் வேண்டும் என்பது அந்நாட்டு முறை. லனெரோல் குதிரையினின்று இறங்காமலே வாயிலைக் கடந்து, தமக்கு ஒதுக்கப்பட்ட விடுதியை அடைந்தார். அரசவைக்கு அழைத்துச் செல்லப்பட்டபோதும் நெடுநேரம் காத்திருக்க மனம் பொறாது, பிரதானிகள் தடுக்கவும் கேளாது, மன்னனைக் காணாமலே திரும்பி நடந்தார். சினங்கொண்ட மன்னன் அவரையும் அவர் குழுவினரையும் விலங்கிலிடுமாறு பணித்தான். தளபதியோ உணவுப் பொருள் தேடிச் சோழமண்டலக் கரைக்குச் சென்று, மயிலாப்பூரையடுத்த சாந்தோமைக் கைப்பற்றி, 1674-இல் அதனையும் ஒல்லாந்தரிடம் இழந்தார். திருகோணமலைக்கு அவர் மீளவில்லை. லனெரோல் கண்டி நாட்டிலேயே தங்க நேர்ந்தது. இலங்கையில் அப்பெயர் பூண்ட குடும்பத்தார் அவர் வழித்தோன்றல்களெனக் கூறப்படுகின்றனர்.

இந்நிகழ்ச்சியை அறியாமையால் விளைந்த தவறென்று கருதுதல் பொருந்தாது. லனெரோலின் அரசன் வணக்க முறைகளில் உலகப் புகழ்பெற்றவன். அவன் அவையில் யார் நிற்பது, யார் இருப்பது என்பன அணுவளவும் பிசகாது வகுக்கப்பட்டிருந்தன. 1661-இல் இலண்டன் மாநகரில் பிரான்சியத் தூதரின் வண்டி முன்னே செல்வதா, ஸ்பானியத் தூதரின் வண்டி முன்னே செல்வதா என்னும் பூசல் எழுந்து, தெருவிலே குருதி சிந்தப்பட்டது. ஸ்பெயின் நாட்டை அதன்பொருட்டுப் பணியவைக்கும்வரை லூயி ஓயவில்லை. அத்தகைய அரசனின் தூதர், குதிரையினின்று இறங்குவதன் பொருளை அறியாதவரல்லர். அறிந்தமையாலேயே இறங்க மறுத்தார் எனலாம். இராசசிங்கனும் அதனை அறிந்தமையாலேயே விலங்கிட்டான். மரியாதை அறியாத ஒருவரும் அறிந்த ஒருவரும் மோதினர் என்பதினும், இரு பேரவைகளின் மரியாதைகள் ஒரு வாயிலில் மோதிக்கொண்டன என்பதே பொருத்தமாகும்.

முழந்தாளும் அரசியலும்

1739-ஆம் ஆண்டு முதல் மதுரை நாயக்கர் வழிவந்த மன்னர் கண்டியை ஆண்டனர். அவை முறைகள் மேலும் விரிந்தன. கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் அவைக்கு 1762-இல் சென்னையிலிருந்து ஆங்கிலக் கம்பெனியின் தூதராக ஜோன் பைபஸ் வந்தார். அவர் பாதரட்சை களைந்து, ஆளுநரின் திருமுகம் வைத்த வெள்ளித் தட்டைத் தலைமேல் ஏந்திச் செல்ல வேண்டியதாயிற்று. திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக விலக்கப்பட, ஒவ்வொரு கட்டத்திலும் முழந்தாளிட்டு முன்னேறினார். உடன் சென்ற பிரதானிகள் நெடுஞ்சாண்கிடையாக வீழ்ந்தனர். சோர்வும் வெறுப்பும் கலந்த நடையில் அவர் இதனைப் பதிவு செய்துள்ளார். ஆயினும் மண்டியிட மறுத்தாரல்லர். ஏனெனில் அன்று இலங்கையில் ஆங்கிலேயர்க்கு ஓரடி நிலமும் இல்லை. வேண்டி வந்தவர் அவரே.

இருபதாண்டுகளின் பின், 1782-இல், சென்னை ஆளுநர் மக்கார்ட்னி பிரபு ஹியூ பொயிட் என்பவரை அனுப்பினார். அவ்வாண்டுத் தொடக்கத்தில் ஆங்கிலேயர் திருகோணமலையைக் கைப்பற்றியிருந்தனர். கண்டியிலே இராசாதிராசசிங்கன் அரியணையேறிச் சில வாரங்களே கழிந்திருந்தன. பிரதானிகள் கைகால்களை விரித்து, முகம் தரைதோயப் பலமுறை விழுந்தெழுந்ததையும், மன்னன் நூறாயிரம் ஆண்டு வாழ்க எனப் பெருங்குரலில் வாழ்த்தியதையும் பொயிட் வியப்போடு விவரிக்கின்றார். அவரும் முழந்தாளிட்டார். ஆயினும் தூது பயன்படவில்லை. திருமுகம் இங்கிலாந்து மன்னனிடமிருந்து வராது கம்பெனி ஆளுநரிடமிருந்து வந்தமையால், சமநிலையில் உடன்படிக்கை செய்ய இயலாதெனக் கண்டி அவை கூறிவிட்டது. மீளும் வழியில் பொயிட் பிரான்சியரிடம் சிறைப்பட்டார் என்பதும் குறிப்பிடத்தக்கது. அவரை அனுப்பிய அதே மக்கார்ட்னி பிரபு, 1793-இல் தாமே சீனப் பேரரசனிடம் தூது சென்றபோது, தலை நிலந்தோய வணங்க மறுத்து ஒரு முழந்தாள் மாத்திரம் இட்டார் என்பதை உலக வரலாறு கூறும்.

1800-இல் தளபதி மக்டவல் கண்டிக்கு வந்தபோது நிலைமை முற்றிலும் மாறியிருந்தது. 1796 முதல் இலங்கையின் கரையோரம் முழுவதும் ஆங்கிலேயர் கைப்பட்டிருந்தது. அவர் பெரும்படை சூழ வந்தார். பெர்சிவல் என்னும் படையலுவலர் எழுதிய நூலின்படி, மண்டியிடும் வழக்கத்தை அவை வலியுறுத்தியபோது, தம் அரசனை இழிவுபடுத்துவதினும் மன்னனைக் காணாமலே திரும்புதல் மேலெனத் தளபதி உரைத்தார். ஸ்ரீ விக்கிரமராசசிங்கனின் அவை விட்டுக்கொடுத்தது. விட்டுக்கொடுத்தும், அதனை மன்னனின் தனிச் சலுகையாகக் காட்டித் தன் பெருமையைக் காத்துக்கொண்டது.

1672-இல் இறங்க மறுத்தவர் விலங்கு பூண்டார். 1762-இலும் 1782-இலும் வந்தவர்கள் மண்டியிட்டனர். 1800-இல் வந்தவர் மண்டியிட மறுத்தும் மரியாதையோடு ஏற்கப்பட்டார். கண்டி இராச்சியத்தின் வலிமை எவ்வளவு குன்றியது என்பதைப் போர்க்களங்கள் காட்டுமுன்னரே அவைக்களம் காட்டிவிட்டது. பதினைந்தாண்டுகளுள் அவ்விராச்சியமும் மறைந்தது.

எழுதப்பட்ட வணக்கம்

1815 மார்ச் 2-ஆம் நாள், கண்டி அரண்மனையின் மகுல் மடுவ எனப்படும் மண்டபத்தில், தேசாதிபதி பிறவுண்றிக் முன்னிலையிற் கண்டி உடன்படிக்கை வாசிக்கப்பட்டது. அழகிய மரத்தூண்கள் தாங்கும் அம்மண்டபம் தலதா மாளிகையின் அருகே இன்றும் நிற்கின்றது. அரசன் சிறைப்பட்டு வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832-இல் அங்கேயே மறைந்தான். 1817-இல் எழுந்த கிளர்ச்சி அடக்கப்பட்டபின், 1818 நவம்பர் 21-ஆம் நாள் பிரகடனம் ஒன்று வெளியிடப்பட்டது.

இப்பிரகடனம் வரியையும் நீதியையும் மாத்திரம் பேசவில்லை, வணக்கத்தையும் பேசிற்று. தேசாதிபதி உட்பட எவர் முன்னும் நிலத்தில் விழுந்து வணங்குதல் ஒழிக்கப்பட்டது. முழந்தாளிட்டே இருக்கவேண்டும் என்னும் கட்டாயமும் நீங்கிற்று. பல நூற்றாண்டுகளாக மனிதன் மனிதன்முன் மண்ணில் வீழ்ந்த நிலையை ஒழித்தமை சிறந்த செயலென்பதில் ஐயமில்லை.

எனினும் பிரகடனம் அத்தோடு நிற்கவில்லை. அதிகாரமுடைய பிரித்தானிய அலுவலர், குடிசார்ந்தவராயினும் படைசார்ந்தவராயினும், எதிர்ப்படுங்கால் மக்கள் வீதியின் நடுவை விட்டு விலகவேண்டும், அமர்ந்திருப்போர் எழவேண்டும், எழுந்து தக்கவாறு வணங்கவேண்டும் என்றும் விதித்தது. அரச மண்டபத்தினுள் நுழைவோர் அங்கே தொங்கும் ஆங்கில மன்னனின் திருவுருவப்படத்துக்கு வணக்கம் செலுத்தவேண்டும் எனவும் கூறிற்று. அவையில் யார் நாற்காலிக்கு உரியர் என்பதும் பதவி வரிசைப்படி வகுக்கப்பட்டது.

இவற்றை ஒப்புநோக்குவார்க்கு ஒன்று புலப்படும். முன்னர் உடல் மிகத் தாழ்ந்தது, ஆனால் ஓர் அரசன் முன்னே தாழ்ந்தது. பின்னர் உடல் சிறிதே தாழ்ந்தது, ஆனால் வீதியில் வரும் அலுவலர் ஒவ்வொருவர் முன்னும் தாழவேண்டியதாயிற்று. வணக்கத்தின் ஆழம் குறைந்தது. அதன் பரப்பு விரிந்தது.

இருப்பினும் அப்பிரகடனத்திலே பொன்னெழுத்திற் பொறிக்கத்தக்க ஒரு வாசகமும் உண்டு. மக்கள் செய்யும் வணக்கம் எஞ்ஞான்றும் முறைப்படி ஏற்கப்பட்டு, மறுவணக்கம் செய்யப்படும் என்பதே அது. கண்டியின் அவை வரலாற்றில், ஆள்வோன் ஆளப்படுவோனுக்கு மறுவணக்கம் செய்யக் கடமைப்பட்டவன் என்பது சட்ட வாசகமாகத் தோன்றியது இவ்விடத்திலே.

தோட்டத்துச் சலாம்

சட்டத்தின் வாக்குறுதி வாழ்விலே எவ்வளவு நிலைபெற்றது என்பதைக் கண்டியைச் சூழ்ந்த மலைகளிலே காணலாம். 1820-களிற் கம்பளைப் பகுதியிற் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. 1867-இல் ஜேம்ஸ் டெயிலர் ஹேவாஹெட்டையைச் சேர்ந்த லூல்கந்துரத் தோட்டத்திலே தேயிலையைப் பயிரிட்டார். தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து வந்து இம்மலைகளைத் திருத்திய தொழிலாளர், அங்கே புதியதோர் அவை முறையைக் கற்கவேண்டியதாயிற்று. பெரட்டுக் களமே அவைக்களம், பங்களாவே அரண்மனை. துரை வரும் வழியில் ஒதுங்கி நிற்றலும், தலைப்பாகையைக் களைதலும், குடையை மடக்குதலும், சலாம் கூறுதலும் அங்கே எழுதாச் சட்டங்களாயின.

சலாம் என்னும் சொல் இயல்பிற் சமாதானம் எனப் பொருள்படுவது. அது பிறந்த அரபு வழக்கில், சமாதானம் கூறியவனுக்கு அதனினும் மிகுதியாகத் திருப்பிக் கூறவேண்டும் என்பது நெறி. தோட்டத்தில் அச்சொல் தன் மறுமொழியை இழந்தது. கீழிருந்து மேலே சென்ற சலாமுக்கு ஒரு தலையசைப்புக் கிடைத்தலும் அரிதாயிற்று. விழுந்து வணங்குதலைச் சட்டம் ஒழித்திருந்தும், மறுமொழியற்ற வணக்கத்தை வழக்கம் மீண்டும் படைத்துக்கொண்டது. தொழிற்சங்கங்களின் வளர்ச்சியும், 1972-ஆம், 1975-ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையானமையும், கல்வியின் பரவலும் அவ்வழக்கத்தைப் படிப்படியாகத் தளர்த்தின.

நிலைத்தது எது?

அரசவையின் விழுந்தெழும் வணக்கம் அரசனோடு மறைந்தது. திருவுருவப்படத்துக்குச் செய்த வணக்கம் பேரரசோடு மறைந்தது. ஊர் மக்களின் எளிய முகமனோ மறையவில்லை. நீடு வாழ்க என்னும் பொருள்பட ஆயுபோவன் என்று கூறிச் சிங்கள மக்கள் கைகூப்புகின்றனர். வணக்கம் என்று கூறித் தமிழ் மக்கள் கைகூப்புகின்றனர். சித்திரைப் புத்தாண்டில் இளையோர் பெரியோரை வணங்குவதும் மறையவில்லை. சிங்கள இல்லங்களில் வெற்றிலை கொடுத்து வணங்குவர். தமிழர் இல்லங்களில் கைவிசேடம் பெறுவர். உடல் தாழ்ந்து செய்யும் வணக்கமாயினும் இதற்கு மறுமொழி உண்டு. வாழ்த்தும் ஆசியுமே அம்மறுமொழி. ஆதலின் இழிவு உடலின் தாழ்விலே இல்லை, மறுமொழியின்மையிலேயே உள்ளது என்பது தெளிவாகும்.

2020-இல் கொள்ளைநோய் பரவியபோது பிரான்சிலே கன்ன முத்தம் நின்றுபோயிற்று. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் அந்நாட்டு அதிபர் மக்ரோன், ஸ்பானிய மன்னரைப் பாரிசு மாநகரிற் கைகூப்பி வரவேற்றார். மன்னரும் கைகூப்பினார். 1661-இல் வண்டி வரிசைக்காகக் குருதி சிந்திய அவ்விரு நாடுகளின் தலைவர்கள் ஒருங்கே கைகூப்பி நின்ற காட்சி, வரலாறு அறிந்தார்க்கு மகிழ்வூட்டுவதாகும். கன்னம் பொருத்துதலும் கைகூப்புதலும் தோற்றத்தில் வேறாயினும், ஒருங்கே செய்யப்படுங்கால் ஓரினமே என்பதை அது காட்டிற்று.

கண்டி வரலாறு கற்பிக்கும் பாடமும் இதுவே. ஒரு சமுதாயத்தில் மக்கள் எவ்வளவு தாழ்ந்து வணங்குகின்றனர் என்பதைக் கொண்டு அதன் பண்பாட்டை அளத்தல் போதாது. வணங்கப்பட்டோர் திரும்ப வணங்குகின்றனரா என்பதே அளவுகோலாதல் வேண்டும். ஆசிரியர், அலுவலர், தலைவர் என வணக்கத்தை ஏற்கும் இடத்தில் இருப்போர் அனைவர்க்கும், 1818-ஆம் ஆண்டின் அவ்வொரு வாசகம் இன்னும் நிறைவேற்றப்படவேண்டிய கடனாகவே நிற்கின்றது.